அறுநூறு அடித் தண்ணீர்

என் அப்பா செத்த அன்று மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருஷம் இதை நான் நெஞ்சில் வைத்திருந்தேன்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். தகவல் வந்தபோது நான் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். சேறும் கிரீசுமாக அப்படியே ஓடிவந்தேன். அப்பா வீட்டு வாசலில் மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "மாமா" என்று கூப்பிட்டேன். குரல் உடைந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். தெருவைப் பார்த்தபடி நட்டுவைத்த மாதிரி நின்றார். அங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். நான் அவரைத் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் கோபக்காரன். எதையும் மறப்பவனும் இல்லை. அந்த வாரமே அவருக்குக் 'கம்பம்' என்று பெயர் வைத்தேன். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. தெருவில் பரவி, அவர் வேலை பார்த்த கிடங்கு வரைக்கும் போய்விட்டது. "என்னப்பா, கம்பம் இன்னும் வரலையா?" என்று அங்கே சூப்பர்வைசரே கேட்பானாம். மாமா அதற்குச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பும் எனக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

அவர் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினார். எழுபத்தைந்து கிலோ மூட்டையைப் பின்கழுத்தில் வாங்கிப் பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குவது. தகரக் கூரை. கோடையில் உள்ளே நின்றால் சட்டையைப் பிழியலாம். மாமா வீட்டிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோவார். ஈரச் சாக்கு சுற்றி வைத்திருப்பார். மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடும். அக்கா இன்னொரு கேன் அனுப்புவாள். "இந்த ஆளு லாரிக்கு லோடு ஏத்தறாரா, வயித்துக்குத் தண்ணி லோடு ஏத்தறாரா?" என்பது கிடங்கில் பழைய கிண்டல்.

அந்தத் தண்ணீர் நான் எடுத்துக் கொடுத்தது.

இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டுத் தெருக் கிணறு வற்றியது. அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போர் போடும் வண்டிக்காரன் என் கூட்டாளி. அவன் வண்டியை அக்கா வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினேன். இருநூற்றெண்பது அடியில் தண்ணீர் தட்டியது. சுண்டுவிரல் தண்டிக்கு வந்தது.

"போதும் மாப்ள, வீட்டுக்கு இது தாராளம். நிறுத்தச் சொல்லு" என்றார் மாமா.

"மாமா, நீங்க மூட்டையப் பாருங்க. தண்ணிய நான் பாத்துக்கறேன். மேல வர்றது சாக்கடை ஊறின தண்ணி. ஆழத்துக்குப் போகப் போகத்தான் சுத்தம்."

இதை நான் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். அறுநூறு அடியில் பாறை இடுக்கு உடைந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. கல்மாவு கரைந்த சாம்பல் தண்ணீரில் நாங்கள் எல்லாரும் நனைந்தோம். தெளிந்த பிறகு அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "சக்கரை போட்ட மாதிரி இருக்குடா தம்பி" என்றாள். தெரு முழுக்க எங்கள் போரில்தான் தண்ணீர் பிடித்தது. மோட்டார் அறைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் '600' என்று நானே பெரிதாக எழுதினேன். கீழே என் கடைப் பெயரும் எழுதினேன்.

நான் குடியிருப்பது ஊரின் மறுகோடி. எங்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீர்க் குழாய். அறுநூறு அடித் தண்ணீரை நான் குடித்ததெல்லாம் அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு சொம்பு.

அப்பா போய் ஏழு வருஷம் கழித்து ஒருநாள் அக்கா போன் செய்தாள்.

"அவரால குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலடா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டி எடுத்துட்டு வா."

"நான் எதுக்கு? என்னத் திரும்பிக்கூடப் பாக்காத மனுஷனுக்கு நான் எதுக்கு?"

"வந்து அவர வண்டில ஏத்து, உன் வீம்ப அப்புறம் பேசு. வாடா மொதல்ல."

போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர், படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. எலும்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கழுத்தில் துண்டு துண்டாக இருக்க வேண்டியது ஒரே தண்டாக இருந்தது.

"கழுத்து எலும்பு ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போச்சு. எத்தனை வருஷமாய்யா உங்களால திரும்ப முடியல?"

"பத்து வருஷம் இருக்கும் சார். மெதுவா வந்துச்சு. மூட்டை தூக்கறதால இருக்கும்னு விட்டுட்டேன்."

பத்து வருஷம். என் காதில் அது விழுந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர், "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். வாய் முந்திக்கொண்டது.

"நல்ல தண்ணி சார். நான் போட்டுக் குடுத்த போர். அறுநூறு அடி!"

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் 600 என்று எழுதி ஒரு கோடு இழுத்தார்.

அன்றைக்குத்தான் ஃப்ளோரைடு என்ற பேரைக் கேட்டேன். பாறையில் இருப்பதாம். ஆழத்துத் தண்ணீர் பாறையோடு வருஷக்கணக்காகக் கிடந்து அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளுமாம். எங்கள் பக்கத்துப் பாறைக்கு, ஆழம் கூடக் கூட அதுவும் கூடுமாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியில் ஒரு குறையும் தெரியாது. உடம்புக்குள் போனால் நேரே பல்லிலும் எலும்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நிறையக் குடிப்பவனுக்கு முதலில் வரும்.

"இதுக்கு மருந்து?" என்றேன்.

"எலும்புல ஏறினத இறக்கறதுக்கு மருந்து இல்ல. இனிமே ஏறாமப் பாத்துக்கலாம். மொதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லல?"

"கழுத்து திரும்பலன்னு சொன்னா, நாளைலேர்ந்து வராதன்னுடுவான் கிடங்குல."

"அப்பா போனன்னிக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு மாப்ள. திரும்பத்தான் ஆரம்பிச்சேன். நான் திரும்பி முடிக்கறதுக்குள்ள நீ இடிச்சிட்டு உள்ள போயிட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உடம்பு குலுங்கியது, தலை மட்டும் அசையவில்லை. லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோலக் காலை ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, முழு உடம்பையும் சேர்த்துத்தான் அவரால் திரும்ப முடியும். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, இந்த ஆளின் பந்தாவைப் பார் என்று என் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

டாக்டர் சொல்லி, ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஆள் வந்தது. கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி. ஜீப்பிலிருந்து இறங்கி, முதலில் சுவரில் இருந்த '600'ஐத்தான் படித்தாள். போர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பல்லையும் பார்த்தாள். மஞ்சள் கோடும் பழுப்புத் திட்டும் இல்லாத வாய் அந்தத் தெருவில் அரிது. நாங்கள் அதைச் சரியாகப் பல் விளக்காததால் என்று நினைத்து அடித்திருக்கிறோம். நாலு நாள் கழித்துத் தெருக்காரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்: லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை தாங்கலாம், இங்கே ஆறு மில்லிகிராம் இருக்கிறது.

"கொதிக்கவச்சுக் குடிச்சா போயிடும்ல?" என்றாள் என் அக்கா. அவள் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்குத் தினமும் கொதிக்கவைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொதிச்சா தண்ணிதாம்மா ஆவியாப் போகும். அது அப்படியேதான் நிக்கும். சொல்லப்போனா கூடும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒருத்தன், தையல்காரன், கத்தினான்.

"எவன் இவ்வளவு ஆழம் தோண்டச் சொன்னது?"

கூட்டம் என் பக்கம் பார்த்தது. சுவரில்தான் என் கடைப் பேரே இருக்கிறதே. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பேசினார்.

"நான்தான் சொன்னேன். இருநூத்தியெண்பதுல தண்ணி வந்துச்சு. அவன் போதும் மாமான்னான். நான்தான் இன்னும் போ, இன்னும் போன்னு சொன்னேன்."

அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு யார் என்ன பேசுவார்கள்? அக்கா மட்டும் என்னையே பார்த்தாள். அன்றைக்கு அவளும் அந்தக் கொல்லையில் நின்றவள்தான்.

பொய் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் மோட்டார் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை எழும்பியது. குழாய் வேலை முழுக்க நான் செய்தேன். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி, ஆள் உயர உருளை ஒன்றுக்குள் புகுந்து, கீழ்வழியாகச் சுத்தத் தொட்டிக்குப் போகும். உருளை இரண்டு. ஒன்று வேலை செய்யும்போது மற்றதைக் கழுவி வைப்பது. பாத்திரம் துலக்க, துணி துவைக்கப் பழைய தண்ணீருக்குத் தனிக் குழாய். உருளைக்குள் வெள்ளைக் குருணை. அலுமினியத்திலிருந்து செய்தது, நானோப் பொருள் என்றாள் அந்த அம்மா. அதனால் தெருவில் அவளுக்குக் குருணையம்மா என்று பேர்.

"இது பார்வைக்குத்தான் குருணை. ஒவ்வொன்னும் கண்ணுக்கே தெரியாத துகள் கோடிக்கணக்குல சேர்ந்தது. ஒரு கைப்பிடிக்குள்ள இருக்கற இண்டு இடுக்கெல்லாம் விரிச்சா பெரிய மைதானம் வரும். அது மேலதான் ஃப்ளோரைடு வந்து ஒட்டும்" என்றாள்.

நான் தலையைச் சொறிந்தேன். மாமாவுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் என்னிடம் அவர் பாஷையில் சொன்னார்:

"பஸ்சு மாதிரி மாப்ள. குருணை பூரா சீட்டு. தண்ணியோட வர்ற அந்தச் சனியன் ஏறி உக்காந்துக்குவான், தண்ணி மட்டும் எறங்கிப் போயிடும். சீட்டு ரொம்பிடுச்சுன்னு வை, அடுத்து வர்றவன் நேரா நம்ம வயித்துக்குப் போயிடுவான். அப்ப வண்டிய நிறுத்தி, காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணி ஊத்தி எல்லாரையும் எறக்கிவிடணும். அப்புறம் கொஞ்சம் ஆசிட்டு, அப்புறம் அலசு. மறுபடியும் காலி பஸ்சு."

"எறக்கிவிட்டவன் எங்க போவான்?"

"அதுக்குத் தனித் தொட்டி, சுண்ணாம்பு போட்டு அடைச்சு வைக்கறதுக்கு. சாக்கடைல விட்டா சுத்திகிட்டு நம்மகிட்டயேதான் வருவான்."

கிடங்கில் அவரை நிறுத்திவிட்டார்கள். குருணையம்மா அவரையே அந்த அறைக்கு ஆளாகப் போட்டாள். தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து ஐந்து சொட்டு விடுவார். கழுத்து குனியாததால் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். நிறம் பார்த்து அட்டையில் எழுதிய பிறகுதான் குழாய் திறக்கும். குடத்தோடு நிற்கும் பெண்கள் கத்துவார்கள்.

"கம்பத்து மாமா, தண்ணி குடுக்கறீங்களா, இல்ல மருந்துக்கடை வைக்கப் போறீங்களா?"

"பொறு தாயி. உன் குடத்துக்கு அவசரம், உன் பிள்ள பல்லுக்கு அவசரமில்ல."

அந்தத் திட்டம் ஆரம்பித்த மாதம்தான் மாமாவுக்குப் பேத்தி பிறந்தது. மகளின் புருஷன் லாரி ஓட்டுபவன். பாதி மாதம் ரோட்டில் கிடப்பான். அதனால் தாயும் பிள்ளையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். "என் எலும்பு போனது போச்சு மாப்ள," என்பார். "இவளுக்குப் பால்பல்லு விழுந்து நெலையான பல்லு வரும் பாரு, அத வெள்ளையாப் பாத்துட்டுப் போயிடணும். ஆறு வருஷம். அதுவரைக்கும் ஒருநாள்கூட இவ வாயில அந்தத் தண்ணி போகக்கூடாது." அந்த ஆறு வருஷத்துக்கும் அவர் வேண்டியது அது ஒன்றுதான்.

அதில்தான் நான் கையை வைத்தேன்.

பேத்திக்கு மூன்று வயசு இருக்கும்போது மாமாவுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதுகுத்தண்டில் எலும்பு வளர்ந்து நரம்பை நசுக்குகிறது என்று ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். போகும்போது அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஒன்னாவது உருளை ஓடட்டும் மாப்ள. ரெண்டாவது ரொம்பிப்போயி நிக்குது, நான் வந்து கழுவணும், அதத் தொடாத. காலைல நெறம் பாரு. செவப்புன்னா..."

"மாமா, முப்பது வருஷமா மோட்டாரோட குடித்தனம் பண்றவன் நான். எனக்குச் செவப்பு பச்ச தெரியாதா? நீங்க போய்ப் படுங்க."

மறுநாள் காலையில் குழாயில் மருந்து விட்டேன். நல்ல சிவப்பு. எனக்குத் திக்கென்றது. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டன் ஓட்ட, சிவப்புப் பட்டன் நிறுத்த. சிவப்பு என்றால் நிறுத்து. என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்றாவது உருளையை அடைத்துவிட்டு, இரண்டாவதைத் திறந்து பார்த்தேன். மஞ்சள். அப்பாடா என்றிருந்தது. "வாங்க வாங்க, தண்ணி சுத்தமா இருக்கு" என்று நானே கூவிக் கொடுத்தேன். ஆறு நாள் கொடுத்தேன். அக்கா மகள் பிள்ளைக்கென்று தனியாகப் பிடிக்கும் சின்னக் குடத்தையும் நான்தான் நிரப்பினேன்.

ஏழாம் நாள் மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆபரேஷனால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. இரண்டு கைத்தடியோடு நேரே அறைக்குத்தான் போனார். அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று ஆறு நாளும் நான் எழுதிவைத்திருந்தேன்.

"மாப்ள, மஞ்சள்னா எழுதியிருக்க?"

"ஆமா மாமா. ஒன்னாவதுல செவப்பா வந்துச்சு, அத மூடிட்டேன்."

அந்த மருந்துக்கு ஃப்ளோரைடு இல்லாவிட்டால்தான் சிவப்பு. இருந்தால் சிவப்பை அடித்து மஞ்சளாக்கிவிடும். அன்றைக்கு நான் குறுக்கே பேசி அவரைச் சொல்லவிடாமல் செய்தது அதைத்தான். கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல் முடிய எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ஓடிப்போயிருக்கலாம். நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பிள்ளைக்குமா குடுத்த?"

"குடுத்தேன் மாமா."

"சரி, போ. போயி ஒன்னாவதத் தெற."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நான் குருணையம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ஆறு நாள்ல எதுவும் ஆகாதுங்க. வருஷக்கணக்குல குடிச்சாத்தான். பயப்படாதீங்க" என்றாள். மாமாவிடம் சொன்னேன். "சரி மாப்ள" என்றார். அவர் நம்பினாரா தெரியாது. எனக்கு ஆறவில்லை.

திட்டம் ஆரம்பித்த மூன்று வருஷத்தில் ஆராய்ச்சி முடிந்து ஜீப் வருவது நின்றது. குருணையம்மா மட்டும் அவளால் முடிந்தபோது புதுக் குருணை ஒரு மூட்டை அனுப்பிவைத்தாள். கழுவக் கழுவக் குருணைக்கும் வயசாகும். சீட்டு உடைந்த பஸ் மாதிரி ஏற்றுவது குறையும். முதலில் இருபது நாளுக்கு ஒரு கழுவல். அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் எட்டு. அப்போது மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வார், நான் கையுறை மாட்டிக்கொண்டு செய்வேன். என் கடையை மகனிடம் விட்டுவிட்டேன். தினமும் காலையில் ஊரின் மறுகோடியிலிருந்து வருவேன். அக்கா அந்தப் பொய்யைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. டீயைக் கொண்டுவந்து ஜன்னலில் வைப்பாள், போவாள். ஒருநாள் மட்டும் டீயை வைத்துவிட்டு, சுவரில் வெளிறிக்கிடந்த '600'ஐப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு போதும்னுதானேடா சொன்னாரு" என்றாள்.

"ஆமாக்கா."

மறுநாள் நான் அந்த எண்ணின் மேல் வெள்ளையடித்தேன். தெருக்காரர்கள் முன்னாலேயே சொன்னேன், ஆழம் தோண்டச் சொன்னது நான்தான் என்று. தையல்காரன், "அது அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்பா. கம்பம் சொல்றாரேன்னு விட்டோம்" என்றான்.

இந்த வருஷம் மழை முடிந்து மாமா படுக்கையில் விழுந்தார். விலா எலும்பும் இறுகிவிட்டதால் நெஞ்சு விரியவில்லை. சளியை இருமித் துப்பப் பலமில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவரை மல்லாக்கப் படுக்கவைக்க முடியாது; முதுகு அப்படி வளைந்திருந்தது. மூன்று தலையணை அணைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். முகம் ஜன்னல் பக்கம். அங்கிருந்து பார்த்தால் அறையும், இரண்டு உருளையும், குடத்தோடு நிற்கும் வரிசையும் தெரியும்.

பேத்திக்கு ஆறு வயசு. முன்பல் இரண்டும் விழுந்து மாதக்கணக்கில் ஓட்டையாகத் திரிந்தாள். ஒருநாள் காலையில் அவளே கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடி, ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். தாத்தாவால் திரும்ப முடியாது, நாம்தான் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அவளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். புதுப்பல் இரண்டு, அரிசி அளவுக்கு எட்டிப் பார்த்தன.

மாமா வெகுநேரம் பார்த்தார். வெளிச்சத்தில் கண்ணாடிக் குழாயைப் பார்க்கிற அதே பார்வை.

"வெள்ளடி" என்றார். "பாலு மாதிரி வெள்ள."

நானும் குனிந்து பார்த்தேன். ஆறு நாளின் கோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். குருணையம்மா சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை. பல் சுத்தமாக இருந்தது. என் கண் மங்கிப்போய், "தள்ளு சின்னத் தாத்தா, மூச்சு மேல படுது" என்று அவள் சொல்லும்வரை தேடிக்கொண்டே இருந்தேன்.

அன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் அவர் முதுகுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய மூச்சு, தண்ணீர் கட்டிய குழாயில் காற்றுப் போகிற மாதிரி இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள."

"இருக்கேன் மாமா."

"செவப்புன்னா?"

"தெறக்கணும்."

"மஞ்சள்னா?"

"மூடணும்."

"உங்கக்கா குடத்தோட வந்து நின்னா?"

"மூடித்தான் வைக்கணும் மாமா."

"பரவால்ல. தேறிட்ட" என்றார். சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகி, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஈரத்துணியால் உதட்டை நனைத்தேன். ஒன்றாவது உருளைத் தண்ணீர்தான் அது. வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ குடத்தை வைத்துவிட்டு, "கம்பத்து மாமாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டது இங்கே கேட்டது. நான் வைத்த பெயர்.

"அந்தப் பேர நான் வச்சிருக்கக் கூடாது மாமா" என்றேன். "அன்னிக்கு நீங்க திரும்பிட்டுத்தான் இருந்தீங்க. நான் நின்னிருக்கணும்."

அவருடைய ஒரு கை படுக்கையில் பின்பக்கமாகத் துழாவியது. எழுந்து பிடித்துக்கொண்டேன். பழைய மூட்டைக்காரர் கை, இன்னும் காய்ப்பு ஆறவில்லை.

"ஜன்னலப் பாத்தது போதும்," என்றார். "கொஞ்சம் உன் பக்கமாத் திருப்பி விடு, மாப்ள."